மீசை மறைக்காத முகம்

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையை முதலில் படிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கணவர், மாமனார், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சித்தப்பா, நர்ஸிங் படிக்கும் நாத்தனார் மகள் என்று பதில் வரும். நான் பல ஆண்டுகளாக மாணவிகளிடமும் உறவுப் பெண்களிடமும் கேட்டு வருகிறேன். "நான்தான் முதலில் படித்தேன்" என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மணிக்கணக்கில் காக்க வைத்தார்களோ, யாருடைய வயிற்றில் ஜெல்லைத் தடவி அப்படித் திரும்பு, இப்படிப் படு என்றார்களோ, அவள் கைக்கு அந்தக் காகிதம் கடைசியாகத்தான் வருகிறது. வரும்போது அதோடு ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டு முடிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஸ்கேனில் தெரியும் முகத்தையும் கழுத்தையும் பற்றியது. பிளந்த உதடு, சிறுத்த தாடை, பிடரியில் கோத்த நீர். ஏன் இவற்றை மட்டும் தனியே எடுத்துப் பேச வேண்டும்? கருவின் இதயத்தில் ஓட்டை என்றால் குடும்பம் மருத்துவரைத் தேடுகிறது. சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றால், பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறது. உதடு பிளந்திருக்கிறது என்று கேட்டவுடன் குற்றவாளியைத் தேடுகிறது. தேடி அலைய வேண்டியதில்லை. அவள் பக்கத்திலேயே வயிற்றைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இதயத்தை ஊர் பார்க்காது. முகத்தை ஊர் பார்க்கும். ஊர் பார்ப்பதையெல்லாம் குடும்ப மானமாகக் கணக்கெழுதுவதுதானே நம் வழக்கம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவின் முகத்தையும் கழுத்தையும் பார்க்கும் ஸ்கேன் பெண்களுக்குத் தேவை. அதில் தெரிந்ததை அறிந்துகொண்டு கர்ப்பத்தைத் தொடர்வதும் கலைப்பதும் அவளுடைய உரிமை. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறேன். படம் எடுத்த நேரத்துக்கும் அவள் கையெழுத்துப் போடும் நேரத்துக்கும் இடையில் நடப்பவை எல்லாவற்றுக்கும் மருத்துவம் என்று பெயர் வைக்க முடியாது. அங்கே பெரும்பாலும் நடப்பது பழைய பஞ்சாயத்து. ஆலமரத்தடிக்குப் பதிலாக ஏசி அறை. சொம்புக்குப் பதிலாக ஸ்கேன் கவர்.

*

முதலில் கருவி என்ன பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். தெரியாமல் இருப்பதுதான் நம்மை மிரட்டுகிறவர்களின் மூலதனம்.

1950களில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் தொழிற்சாலைக் கருவியைப் பெண்களின் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தார். பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மக்விகரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மூவரும் 1958இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இன்றைய ஸ்கேனுக்கு அடித்தளம். இரும்பில் விரிசல் தேடப் பிறந்த கருவி என்பது எனக்கு உறுத்தவில்லை. விரிசல் இருப்பது தெரிந்தால் கொல்லன் பற்றவைப்பான். நாம் மட்டும்தான் அந்த இரும்பை வார்த்தவளைத் திட்டுகிறோம்.

11ஆம் வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாள் முடிவதற்குள் எடுப்பதை 'என்டி ஸ்கேன்' என்கிறார்கள். கருவின் பிடரியில் தோலுக்கடியில் தேங்கும் நீரின் தடிமனை அதில் அளக்கிறார்கள். லண்டனில் கிப்ரோஸ் நிக்கோலைட்ஸ் குழுவினர் 1992இல் இந்த அளவுக்கும் குரோமோசோம் மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய பிறகு இது உலகெங்கும் பரவியது. 3.5 மில்லிமீட்டரைத் தொட்டால் குரோமோசோம் மாற்றத்துக்கும் இதயக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடுகிறது. 'வாய்ப்பு' என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இது நோயின் பெயர் இல்லை. அடுத்த சோதனைக்கான அழைப்பு. அளவு கூடியிருந்தும், அடுத்தடுத்த சோதனைகளில் ஒன்றும் இல்லாமல் நலமாகப் பிறந்து வளரும் குழந்தைகள் நிறைய உண்டு.

கழுத்தில் நிணநீர் வடியும் பாதை சரியாக அமையாதபோது நீர்ப்பை போல ஒன்று புடைத்து நிற்கும். 'சிஸ்டிக் ஹைக்ரோமா' என்று அறிக்கையில் எழுதுவார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இப்படிக் காணப்படும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் மாற்றம் இருக்கிறது. இது லேசான செய்தி இல்லை. இங்கே பெண்ணுக்குக் கவலையும் பயமும் வருவது நியாயம். அவளுக்கு முழுத் தகவலும் நேரமும் தேவைப்படுவதும் நியாயம்.

முகம் தெளிவாகத் தெரிவது 18 முதல் 22 வாரத்துக்குள். உதடும் மூக்குத் துவாரமும் தெரியும்படி முன்பக்கமாக ஒரு படம். நெற்றி, மூக்கெலும்பு, தாடை தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம். கரு முதுகைப் பார்த்துத் திரும்பியிருந்தாலோ, கையை முகத்துக்குமேல் வைத்திருந்தாலோ படம் கிடைக்காது. அண்ணமோ முக எலும்புகளின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாமலே போகும். 'எல்லாம் நார்மல்' என்ற அறிக்கையோடு பிறந்த குழந்தைக்கு அண்ணம் பிளந்திருந்தால், "நீ ஒழுங்கா ஸ்கேன் பார்க்கலையா?" என்று கேட்கும் மாமியார்களுக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டலாம்.

ஸ்கேன் எதற்குத் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்திலோ வாயிலோ பெரிய கட்டி இருக்கிறது. பிறந்தவுடன் மூச்சுக்குழாய் அடைபடும். முன்கூட்டியே தெரிந்தால், வசதியுள்ள மருத்துவமனையில் சிசேரியன் செய்து, தொப்புள்கொடியை அறுக்காமல், தாயின் ரத்தத்தில் குழந்தை பிழைத்திருக்கும்போதே மூச்சுக்குழாயில் டியூப் வைத்துவிடுவார்கள். தாடை மிகச் சிறியதாக இருந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சடைக்கும். பச்சிளங்குழந்தை நிபுணர் பிரசவ அறையில் காத்திருந்தால் அந்த உயிர் நிற்கும். கருவின் தைராய்டு வீங்கியிருந்தால் சில நேரங்களில் தாயின் மருந்தை மாற்றியே சரிசெய்ய முடியும். ஆக, முகத்தையும் கழுத்தையும் பார்ப்பதன் பயனில் பெரும்பங்கு, எங்கே பிரசவம், யார் உடனிருப்பது, என்ன தயார் செய்வது என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பேச்சு எழுவதே இல்லை. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடு ஆட்டோ பிடிக்கிறார்கள்.

*

தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்குச் சொற்களோடு வழக்கு உண்டு. பிளந்த உதட்டுக்கு நம் ஊர்களில் வழங்கும் சொல் 'மூளி'. வாய் உடைந்த பானை மூளி. காது அறுந்தவள் மூளி. நகை போடாத கழுத்து மூளி. தாலி இழந்தவள் மூளி. ஒரே சொல்லுக்குள் உடைந்த மண்பாண்டத்தையும் விதவையையும் பிளந்த உதட்டோடு பிறந்த பச்சைக் குழந்தையையும் அடைத்துவைத்த மொழி நம்முடையது. ஆசையைச் சொன்ன ஒரு பெண்ணுக்குக் காப்பியம் கொடுத்த தண்டனை மூக்கறுப்பு; இன்றும் அவமானப்பட்டவரை 'மூக்கறுபட்டார்' என்கிறோம். பெண்ணின் முகமும் கழுத்தும் இந்தச் சமூகத்தின் விளம்பரப் பலகைகள். அதில் கீறல் விழுந்தால் சரக்கு விலைபோகாது என்ற பதற்றம்தான் ஸ்கேன் அறைக்குள்ளும் நுழைகிறது.

சங்க இலக்கியத்திலும் இதற்கு வேர் உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. பிறப்பில் நேரும் எட்டு வகைக் குறைகளை 'எச்சம்' என்று பட்டியலிட்டு, அவற்றால் பயனில்லை என அறிந்தோர் சொன்னதாகச் சொல்கிறது. வகுப்பில் அரசனின் அறம், பொருள், இன்பம் பற்றிய பாட்டு என்று அதை நடத்திவிட்டுக் கடந்துபோவார்கள். நான் கடப்பதில்லை. எச்சம் என்றால் மிச்சம்; எச்சம் என்றால் குறை; எச்சம் என்றால் மக்கட்பேறும்கூட. குழந்தைக்கும் குறைக்கும் ஒரே சொல்லை வைத்த மொழியில், குறையோடு வரும் குழந்தையை எப்படிப் பார்க்கப் போகிறோம் என்று மாணவிகளைக் கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் எத்தனை வீட்டுக் கதைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பிறகு கிரகணம். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வரக் கூடாது, அரிவாள்மனையைத் தொடக் கூடாது, காய் நறுக்கக் கூடாது; மீறினால் குழந்தைக்கு உதடு பிளக்கும். படித்த வீடுகளிலும் கிரகணத்தன்று கர்ப்பிணியை அறைக்குள் பூட்டாத குறையாக உட்கார வைக்கிறார்கள். கேட்டால், "எதுக்கு ரிஸ்க்?" என்பார்கள். கருவியலின் பாடம் எளிது. மேலுதடு கருவின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள் ஒட்டி முடிந்துவிடுகிறது. அண்ணம் அதற்கடுத்த சில வாரங்களில் சேர்ந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போனதையே அவள் உறுதிசெய்துகொண்டிருக்கும் நேரம் அது. வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போது வந்த கிரகணம், எட்டு வாரத்தில் முடிந்துபோன உதட்டை எப்படிப் பிளக்கும்? உலகம் முழுவதும் 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. கிரகணம் பற்றிய இந்த நம்பிக்கை இல்லாத நாடுகளிலும் நேர்கிறது.

காரணங்கள் பல சேர்ந்தே வேலை செய்கின்றன: மரபணு, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள். பெரும்பாலான குழந்தைகளிடம் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. இந்தப் பட்டியலில் அவள் காய் நறுக்கியது எங்கும் இல்லை. சொந்தத்துக்குள் திருமணம் செய்வது பொதுவாகப் பிறவிக் குறைகளின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் இரத்த உறவில் மணம் முடித்தவர்கள். நிலம் வெளியே போகக் கூடாது, சாதி வெளியே போகக் கூடாது என்று மாமனுக்கோ அத்தை மகனுக்கோ அவளைக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தவர்கள் யார்? அந்தப் பெரியவர்கள்தான் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று, "நீ கிரகணத்தன்னைக்கு மாடிக்குப் போனியா?" என்று கேட்கிறார்கள். தாங்கள் எடுத்த முடிவுக்கு நிலாவையும் அவளையும் பொறுப்பாக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

*

இனி மீசைக்கு வருகிறேன்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி. தமிழ் இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். திருமணமாகி இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் துறைக்கு வந்து, பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க." எட்டு மாதங்களுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கை. ஆங்கிலத்தில் இருந்தது. 18 வாரம் 5 நாள். மேலுதட்டில் இடப்பக்கம் பிளவு. அதற்குக் கீழே இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம், கைகால் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இயல்பு, இயல்பு, இயல்பு. கடைசியில் மரபியல் ஆலோசனைக்கும் பிளவு அறுவை மருத்துவரிடமும் அனுப்பும்படி ஒரு பரிந்துரை. நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்தப் பரிந்துரையைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கர்ப்பம் கலைக்கப்பட்டிருந்தது.

அந்த மூன்று நாளில் வீட்டில் என்ன பேசினார்கள் என்று அவள் சொன்னதில் ஒரு வாக்கியம் எனக்குள் தைத்து நிற்கிறது. மாமியார் சொன்னாராம்: "பையன்னா பரவால்ல, மீசை வச்சா மறைஞ்சிடும். பொண்ணா இருந்துட்டா யாரு கட்டிக்குவா?"

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994இல் சட்டம் வந்தது. 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்டது. உசிலம்பட்டியும் சேலமும் தர்மபுரியும் பெண்சிசுக் கொலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாநிலம் இது. 1992இல் அரசே தொட்டில் வைக்க வேண்டிவந்த மாநிலம். அந்தச் சட்டத்துக்காகப் போராடிய பெண்களின் வரிசையில்தான் நானும் நிற்கிறேன். ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் பலகை தொங்குகிறது. 'படிவம் எஃப்' நிரப்புகிறார்கள். பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று கர்ப்பிணியிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். அவளிடம் மட்டும்தான் வாங்குகிறார்கள். அறிய விரும்புகிறவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் உதட்டில் பிளவு என்று தெரிந்தவுடன் பாலினக் கேள்வி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று தெரியாது. எனவே பெண்ணாக இருந்துவிட்டால் என்ற அச்சத்தில் முடிவு எடுக்கப்படுகிறது. ஒருவேளை அது பெண்ணாக இருக்கக்கூடும் என்பதற்காகவே ஒரு கரு கலைக்கப்பட்டால் அதற்குப் பெயர் என்ன? எந்தப் பதிவேட்டிலும் இதைப் பாலினத் தேர்வு என்று எழுத மாட்டார்கள். பிறவிக் குறைபாடு என்று எழுதுவார்கள். சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே குடும்பம் ஒரு ஜன்னலைத் திறந்துகொண்டது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. அண்ணம் மட்டும் பிளந்திருப்பது பெண் குழந்தைகளிடம் சற்று அதிகம். அதுதான் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆக, மீசையால் மறைத்துக்கொள்ளப் போகும் மகன்களையும் இந்தப் பயம் சேர்த்துத்தான் அழிக்கிறது. ஆணாதிக்கம் தன் வாரிசுகளைக்கூடச் சரியாக எண்ணத் தெரியாத கணக்கப்பிள்ளை.

என் மாணவி கர்ப்பத்தைக் கலைத்தது தவறு என்று நான் எழுத மாட்டேன். உதட்டுப் பிளவுக்காகவா கலைத்தாய் என்று எந்தப் பெண்ணையும் கேட்க எனக்கு அருகதை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவள் கலைக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கலைக்கப்பட்டது. செயப்பாட்டுவினையில் நடந்தது. அந்த வாக்கியத்தில் அவள் எழுவாயாக ஒரு இடத்திலும் இல்லை.

*

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது? 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை விதிகளில் குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு அனுமதி உண்டு. கருவுக்கு உயிருக்கே ஆபத்தான அல்லது கடுமையான குறைபாடு என்பது அந்தப் பிரிவுகளில் ஒன்று. 24 வாரத்துக்குப் பிறகு, கணிசமான குறைபாடு என்று மருத்துவ வாரியம் கண்டறிந்தால் மட்டுமே. தனித்த உதட்டுப் பிளவு இந்தக் 'கடுமையான', 'கணிசமான' என்ற சொற்களுக்குள் எளிதில் அடங்காது. ஸ்கேனோ 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. எனவே, "இருபது வாரம் தாண்டினா முடியாது, நாளைக்கே முடிவு பண்ணு" என்று அவசரம் கிளம்புகிறது. அவள் யோசிக்க வேண்டிய நாட்களைக் காலக்கெடு தின்றுவிடுகிறது. மீதி நாட்களைக் குடும்பம் எடுத்துக்கொள்கிறது.

வயதுவந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்பதே சட்டம். கணவரின் கையெழுத்து தேவையில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் எந்த மருத்துவமனையிலாவது "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்ற வாக்கியத்தைக் கேட்காத பெண் இருக்கிறாளா? இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அவள் சம்மதம் மட்டும் போதும் என்றால், அவள் சம்மதிக்காமல் கணவரும் மாமியாரும் சேர்ந்து முடிவெடுத்தால் அது குற்றம். கையெழுத்து அவளுடையதாக இருக்கிறது. பேனாவைப் பிடித்த கை வேறு என்பதை எந்தப் படிவமும் பதிவதில்லை.

இங்கே இரண்டு தரப்பினர் என்னை அவரவர் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள். ஒரு தரப்பு, "பார்த்தீர்களா, கருவும் உயிர்தான், குறையோடு பிறப்பதும் இறைவன் விருப்பம், கருக்கலைப்பையே தடுங்கள்" என்று வரும். அவர்களுக்கு என் பதில்: அந்தக் குழந்தை பிறந்த பிறகு சங்கில் பால் புகட்ட விடிய விடிய விழித்திருக்கப் போவது நீங்கள் இல்லை. பெண்ணின் வயிற்றைக் கோயிலாக்கிப் பூட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. இன்னொரு தரப்பு, "குறைபாட்டைத் தவிர்ப்பதுதானே அறிவியல், இதில் என்ன பெண்ணியம்?" என்று கேட்கும். அவர்களை மாற்றுத்திறனாளிப் பெண்களிடம் அனுப்புகிறேன். தங்களைப் போன்றவர்கள் பிறந்திருக்கவே கூடாது என்று ஒவ்வொரு ஸ்கேன் அறையும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வாழ்வது எப்படி என்று அவர்கள் சொல்வார்கள். உரிமை என்பது அழுத்தம் இல்லாத இடத்தில்தான் உரிமை. தொடர விரும்புகிறவளுக்கு ஆதரவு இல்லாத ஊரில் கலைக்கும் உரிமையும் கட்டளையாக மாறிவிடும்.

*

தொடர விரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் மாணவியிடம் யாரும் சொல்லாத பகுதி இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உதட்டுப் பிளவுக்கு ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்கிறார்கள். மருத்துவர்கள் பத்தின் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: பத்து வார வயது, பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின். அண்ணமும் பிளந்திருந்தால் பேச்சு திருந்துவதற்கு முன், ஒரு வயதை ஒட்டி, அதற்கொரு அறுவை. பிறகு பேச்சுப் பயிற்சி, காதுச் சோதனை. ஈறு பிளந்திருந்தால் ஏழெட்டு வயதுக்கு மேல் எலும்பு வைத்தல், பல் சீரமைப்பு. ஒரே நாளில் முடிகிற கதை இல்லை. முடியாத கதையும் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிளவு உதடும் அண்ணமும் பட்டியலில் உள்ளன. அரசே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறது. உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தியின் உதட்டு அறுவையைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் வாங்கியபோது தொலைக்காட்சி முன் கைதட்டிய நாடு இது. கைதட்டிய கைகள் சொந்த மருமகளின் ஸ்கேன் கவரைப் பிரிக்கும்போது ஏன் நடுங்குகின்றன?

பால் குடிப்பது பெரிய சிக்கல்தான். அண்ணம் பிளந்த குழந்தையால் முலையை உறிஞ்சிக் குடிக்க முடியாது. மூக்கு வழியாகப் பால் வரும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைச் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். அதற்கான கருவி நம் பரணிலேயே இருக்கிறது. பாலாடை, சங்கு என்று நம் பாட்டிகள் வைத்திருந்தது அதற்குப் பொருத்தமான பாத்திரம். கிரகணத்தைச் சொல்லிக்கொடுக்க நினைவு வைத்திருந்த பரம்பரை, பாலாடையைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டது.

ஆனால் ஒரு முறை பாலூட்ட ஒரு மணி நேரம் ஆகும். அறுவைக்கு அலைய விடுப்பு வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் பேருந்து ஏற வேண்டும். இதை எல்லாம் செய்யப்போவது யார் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் ஒன்றுதான். வேலையை விடப்போவதும் அவள்தான். எனவே தொடர்ந்தால் அவள் உழைப்பு, கலைத்தால் அவள் உடல், இரண்டிலும் பழி அவளுக்கு. இந்தக் கணக்கைத் திருத்தாமல், தாய்மையின் மகத்துவம் பற்றி யாரும் என்னிடம் பேச வர வேண்டாம்.

நான் கேட்பவை பெரிய புரட்சிகள் இல்லை. ஸ்கேன் முடிவை முதலில் கர்ப்பிணியிடம், தனியாக, அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அறிக்கையைத் தமிழிலும் கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடநூல் அச்சிடும் அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை. 'மூளி', 'ஊனம்', 'பாவம்' என்ற சொற்கள் ஸ்கேன் அறைக்குள் வரக் கூடாது. பிளவு என்று தெரிந்த எல்லாப் பெண்களுக்கும், முடிவெடுக்கும் முன் பிளவு அறுவை மருத்துவரையும், அப்படியொரு குழந்தையை வளர்த்த ஒரு தாயையும் சந்திக்க வாய்ப்புக் கொடுங்கள். கணவரின் கையெழுத்தைக் கேட்காதீர்கள். அவள் முடிவு எதுவானாலும் காரணம் கேட்காமல் சிகிச்சை கொடுங்கள்.

மாணவிகளே, உங்களிடம் ஒன்று. நாளை நீங்களோ உங்கள் அக்காவோ தங்கையோ அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது, கவரை நீங்கள் வாங்குங்கள். புரியவில்லை என்றால் ஒவ்வொரு வரியையும் மருத்துவரைக் கேளுங்கள்; இயல்பு என்று எழுதிய வரிகளையும் கேளுங்கள். இது தனித்து இருக்கிறதா, வேறு உறுப்பில் ஏதும் உண்டா, அடுத்த சோதனை என்ன, எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று கேளுங்கள். அவகாசம் மூன்று நாள்தான் என்றால் அந்த மூன்று நாளும் உங்களுடையவை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் காத்திருக்கட்டும்.